ஆஸ்பத்திரி யாருடையது?

விருதுநகரிலிருந்து சாத்தூர் செல்லும் பெருவழியில் சூலக்கரை என்னும் ஊர் இருக்கின்றது. ஜில்லா கலெக்டர் ஆபீஸ் அதற்கு அண்மையிலுள்ளது. அரசாங்க மருத்துவக் கல்லூரியும் அவ்வட்டாரத்திலேயே எழுந்திருக்கின்றது. 2022-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பெற்ற 11 அரசாங்க மருத்துவக் கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. கொடிய நோய் கண்டவரையும் தீப்பட்டவரையும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதே வழி என்றிருந்த இச்சீமைக்கு இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் கட்டிடம் வந்தால் மட்டும் போதுமா? ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழையும் விதத்தைச் சற்றே கவனியுங்கள். வாக்குச் சாவடியில் நிமிர்ந்து நிற்கும் மனிதர், பஞ்சாயத்துக் கூட்டத்தில் தலைவரையே குறுக்குக் கேள்வி கேட்டுத் திணறடிக்கும் மனிதர், ஆஸ்பத்திரி வாசற்படியை மிதித்தவுடன் வாயடைத்துப் போகின்றார். காட்டிய இடத்தில் கையெழுத்திடுகின்றார். கொடுத்த மாத்திரையை விழுங்குகின்றார். "என்ன வியாதி என்று சொன்னார்கள்?" என்று வீட்டார் வினவினால், "ஏதோ சொன்னார்கள்" என்கின்றார். அவரைப் பார்க்க வரும் சுற்றத்தாரோ, கேட்க வேண்டியதைக் கேளாமலும், செய்யத் தகாததைச் செய்தும், அன்பின் பெயரால் அவருக்குத் தீங்கிழைத்துத் திரும்புகின்றனர்.

சர்க்கார் ஆஸ்பத்திரி நம்முடைய வரிப்பணத்தில் நடப்பது, நம்முடைய உடைமை. உடையவன் தன் வீட்டுக்குள் பயந்து நிற்பதில்லை. தன் வீட்டைத் தானே பாழாக்குவதுமில்லை. கேட்டறியும் உரிமை, கட்டுப்பட்டு நடக்கும் கடமை ஆகிய இரண்டும் கைவராத வரையில், எத்தனை கல்லூரி திறந்தும் நாம் அங்கே யாசகர்களாகவே இருப்போம். இதனையே இன்று நம் நேயர்களிடம் விரிவாகக் கூற விரும்புகின்றோம்.

கைதியிடமும் கேட்டார்கள்

சூலக்கரையின் அருகே கல்லூரி திறக்கப்பெற்ற அதே ஜனவரி 12-ந் தேதி, அதற்கு 98 வருஷங்களுக்கு முன், 1924-ம் வருஷத்தில், பூனா நகரத்து ஸாஸூன் ஆஸ்பத்திரியில் ஒரு சம்பவம் நடந்தது. ராஜத்துரோகக் குற்றத்திற்காக ஆறு வருஷ தண்டனை பெற்று எரவாடா சிறையிலிருந்த காந்தியடிகளுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. அவரை அவசரமாக அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தனர். இரவு ஆகிவிட்டது. அவர் விரும்பிய பம்பாய் டாக்டர்கள் உடனே வந்து சேர இயலவில்லை. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று கர்னல் மாடக் என்னும் ஆங்கிலேய சர்ஜன் கருதினார்.

சர்ஜன் நேரே கத்தியை எடுத்துவிடவில்லை. நோயாளியிடம் நிலைமையைச் சொன்னார். பூனாவில் அப்பொழுதிருந்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரைத் தருவித்தனர். காந்தியடிகள் தம் சம்மதத்தைக் கூற, சாஸ்திரியார் அதனை எழுத, காந்தியடிகள் நடுங்கும் கையால் அதிலே கையெழுத்திட்டார். அதன் பின்னரே ஆபரேஷன் தொடங்கிற்று. நடுவில் மின்விளக்கு அணைந்து, ஹரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் அதனை முடிக்க வேண்டியதாயிற்று என்பதும் சரித்திரம். பிப்ரவரி 5-ந் தேதி அவர் விடுதலை செய்யப்பட்டார்.

இதிலே நாம் காண வேண்டுவது யாது? அவர் கைதி, சர்க்காரோ அவரை எதிரியாகக் கருதிய அந்நிய சர்க்கார். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் தேசமே கொதித்தெழும் என்ற அச்சத்தால் அவரிடம் கேட்டார்கள் என்று கூறுவோர் கூறலாம். காரணம் எதுவாயினும், ஒருவனுடைய உடல் அவனுக்கே உரியது. அவனறியாமல் அதன்மேல் கத்தி படலாகாது என்ற நெறி அன்று கடைப்பிடிக்கப்பட்டது. கைதிக்குக் கிடைத்த அந்த மரியாதையை, சுதந்திர நாட்டுப் பிரஜை தன் சொந்த ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறாமலிருப்பது நியாயமாகுமா?

கையெழுத்தின் பொருள்

நமது சட்டமும் இதே நெறியைச் சொல்கின்றது. 2008-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு பெண்மணி நோயின் காரணத்தைக் கண்டறியும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றிருந்தார். மயக்கத்திலிருந்தபொழுது, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் பெற்று, டாக்டர் அவருடைய கருப்பையையே அகற்றிவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபொழுது, வயது வந்த, அறிவு தெளிந்த நோயாளியின் சம்மதத்திற்குப் பதிலாகத் தாயின் சம்மதம் செல்லாது என்று கோர்ட்டார் கூறினர். எந்தச் சிகிச்சை, எதற்காக, அதனால் வரக்கூடிய ஆபத்து யாது, வேறு வழி உண்டா, செய்யாவிடில் என்னாகும் என்பவற்றை நோயாளிக்கு விளங்கும்படி சொல்லிப் பெறுவதே சம்மதம் என்றும் விளக்கினர்.

இதைப் படிக்கும் ஆண்மக்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பதென்ன? மனைவியின் உடலில் ஆபரேஷன், கையெழுத்திடுபவர் கணவர். "அவளுக்கு என்ன தெரியும்?" என்ற சமாதானம் வேறு. தேச விடுதலையைப் பற்றிப் பேசிய வாய், வீட்டுப் பெண்ணின் உடல் அவளுக்கே உரியது என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது தகுமா? கணவர் துணை நிற்கட்டும்; டாக்டர் கூறுவது விளங்காவிடில் விளக்கட்டும். முடிவு கூற வேண்டியவர் நோயாளியே.

காகிதத்தைப் படியாமல் கையெழுத்திடலாகாது. அது இங்கிலீஷில் இருந்தால், "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், சிகிச்சைக் குறிப்புகளின் நகலை 72 மணி நேரத்திற்குள் டாக்டர் கொடுக்க வேண்டும். நோயாளிகளின் உரிமைகளைத் தொகுத்துத் தேசிய மனித உரிமைக் கமிஷன் தயாரித்த சாசனத்தை, மத்திய சுகாதார மந்திரி இலாகா 2019-ல் இராஜ்யங்களுக்கு அனுப்பியிருக்கின்றது. இவையெல்லாம் காகிதத்தில் உறங்குவதற்குக் காரணம், கேட்பார் இன்மையே.

சாத்தூரில் நடந்தது

சூலக்கரையிலிருந்து அதே பெருவழியில் தெற்கே சென்றால் சாத்தூர். அங்கே 2018-ம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் நடந்ததை இச்சீமையார் மறந்திருக்க முடியாது. ரத்தசோகையால் வாடிய ஒரு கர்ப்பிணிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினர். சிவகாசி அரசாங்க ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அந்தோ! உயிர் காக்க ஏற்றிய ரத்தமே ஆயுள் முழுவதற்குமான நோயைத் தந்தது.

ரத்தம் கொடுத்த இளைஞர் கொடியவர் அல்லர். அவர் 2016-லும் ரத்த தானம் செய்திருந்தார். அப்பொழுதே பரிசோதனையில் கிருமி தெரிந்திருந்தும், அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. அயல்நாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபொழுதுதான் அவர் தம் நிலையை அறிந்தார். அறிந்தவுடன், தாம் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று தாமாகவே ரத்த வங்கிக்குத் தெரிவித்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. மனமுடைந்த அவ்விளைஞர் தம்மை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30-ந் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்பெண்மணிக்கு மதுரையில் சிகிச்சை நடந்து, 2019 ஜனவரியில் பிரசவமாயிற்று. குழந்தை அந்நோயின்றித் தப்பியது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2019 ஜூலையில் அவருக்கு ரூ.25 லட்சம் நஷ்ட ஈடு அளிக்க உத்தரவிட்டது.

இவ்விபரீதத்தின் வேர் எது? 2016-ல் ஒருவருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி சொல்லப்படவில்லை. அவரும் தம் பரிசோதனை முடிவு என்னவென்று கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லியவரும் இல்லை. குற்றம் அவருடையதன்று, முடிவைக் கையில் வைத்திருந்தவர்களுடையது. எனினும் பிரஜைகளாகிய நமக்கு இதிலே ஒரு பாடம் இருக்கின்றது. ரத்த தானம் செய்பவர், "என் ரத்தத்தில் குறை ஏதும் தெரிந்ததா?" என்று பின்னர் சென்று கேட்டறிய வேண்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த நோயாளி, முடிவைக் கேளாமல் வீடு திரும்பலாகாது. அந்த இளைஞர் அறிந்தவுடன் மறைக்காமல் தெரிவித்ததனாலேயே தாய்க்குச் சிகிச்சை உடனே தொடங்கிற்று. குழந்தையைக் காக்கவும் முடிந்தது. செய்தி தாமதித்தது ஒரு குடும்பத்தைக் கெடுத்தது. செய்தி வந்தது ஒரு குழந்தையைக் காத்தது.

பின்னும் ஒன்று. நம் நாட்டில் தானமாக வரும் ரத்தத்தை எச்.ஐ.வி., இரு வகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதித்தே கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் கிருமி புகுந்த ஆரம்ப நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் அது அகப்படாமற் போகலாம். ஆகையால் ரத்தம் என்பது குளுகோஸ் தண்ணீரைப் போலக் "கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்" என்று நாமே கேட்டு வாங்கும் பொருளன்று. "ரத்தம் அவசியந்தானா? இரும்புச் சத்து ஊசியால் ஆகாதா?" என்று கேட்க வேண்டும். கர்ப்பந் தரித்த தொடக்கத்திலேயே ரத்தசோகையைக் கண்டு மருந்து உண்டால், எட்டாம் மாதத்தில் ரத்தத்திற்கு அலைய வேண்டுவதில்லை. அவசியம் என்று டாக்டர் கூறினால் அஞ்சாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிரசவத்தில் ரத்தம் பெருகும்பொழுது தயங்கி நிற்பது உயிரைப் போக்கும்.

ஏற்றும் நேரத்தில் உடனிருப்பவர் செய்யத் தக்கது உண்டு. பையின்மீது எழுதியுள்ள பெயர், ரத்தப் பிரிவு, முடிவுத் தேதி ஆகியவற்றை நர்ஸ் சரிபார்க்கும்பொழுது கூட நின்று பார்க்கலாம். ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம், சுரம், மூச்சுத் திணறல், முதுகுவலி, உடல் அரிப்பு இவற்றில் எது கண்டாலும், "ரத்தம் ஏற்றினால் அப்படித்தான் இருக்கும்" என்று சும்மா இராமல், உடனே நர்ஸை அழைக்க வேண்டும்.

பெயரைக் கேட்டால் தலையசையாதீர்

இருக்கன்குடியிலும் விருதுநகரிலும் அம்மன் கோயில் கொண்டிருக்கும் இச்சீமையில், ஒரு வார்டில் மாரியம்மாள்களும் மாரியப்பன்களும் நாலைந்து பேர் இருப்பது வியப்பன்று. "மாரியம்மாள்தானே?" என்று கேட்டால், அரைத் தூக்கத்திலிருப்பவர் தலையசைத்துவிடுவார். மாத்திரையும் ஊசியும் ஆள் மாறிப்போவது இவ்விதமே. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை நோயாளி தம் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல இயலாதவருக்காக உடனிருப்பவர் சொல்ல வேண்டும்.

வீட்டில் வழக்கமாக உண்ணும் மருந்துகளை ஒரு பையிலிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்திற்கு ஒன்று என்று வாயால் சொன்னால் டாக்டருக்கு விளங்காது. நாட்டு மருந்து உண்டிருந்தால் அதையும் மறைக்கலாகாது. முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடித்ததுண்டா, மூச்சு முட்டியதுண்டா என்பதைக் கேளாமலே தெரிவித்துவிட வேண்டும். வீடு திரும்பும் நாளில், எந்த மருந்து எந்த வேளைக்கு, எத்தனை நாளைக்கு, மறுபடி எப்பொழுது வருவது, எந்தக் குறி கண்டால் உடனே ஓடி வருவது என்பவற்றை எழுதி வாங்கி, வார்டை விட்டு வெளியேறுமுன்பே ஒரு முறை படித்துக்கொள்ள வேண்டும்.

அன்பு கொல்லும் இடம்

இனி, பார்க்க வருவோரைப் பற்றிச் சொல்வோம். பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பாகவுள்ள இச்சீமையில், தீப்புண் வார்டை அறியாத குடும்பங்கள் குறைவு. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் வரை மாண்டனர். அவர்களிற் பலர், முதல் வெடியோசை கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடிவந்த அக்கம் பக்கத்தார். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். பிழைத்தவர்கள் ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் கிடந்தனர்.

தீப்பட்டவருக்கு முதல் உதவி தண்ணீர். குழாய் நீரையோ குடத்து நீரையோ இருபது நிமிஷம் புண்ணின்மேல் விட வேண்டும். பனிக்கட்டி ஆகாது. மை, பற்பசை, முட்டை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசலாகாது, பூசினால் புண்ணின் ஆழத்தை டாக்டர் காண முடியாது, கிருமியும் சேரும். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைக்க வேண்டும்.

பெருந்தீப்புண் பட்டவர்களில் பலர் தீயினால் அன்றே இறப்பதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் கிருமியினால் இறக்கின்றனர். தோல் என்பது உடலுக்குக் கோட்டை மதில். அம்மதில் எரிந்துபோன பின், உள்ளே புகக் கிருமிக்குத் தடையில்லை. அதனைக் கொண்டு வருபவர் யார்? பெரும்பாலும், தொடும் கைகள். 1847-ல் வியன்னா நகரத்து ஸெம்மல்வைஸ் என்னும் டாக்டர், பிரசவ வார்டில் தாய்மார் சுரங்கண்டு இறப்பதற்குக் காரணம், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதே என்று கண்டார். கையை மருந்து நீரில் கழுவச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. அக்காலத்து டாக்டர்கள் அவரை ஏளனம் செய்தனர். இன்று உலகமே அவர் சொன்னதை ஒப்புக்கொள்கின்றது. கற்ற டாக்டர்களின் கையே அப்படியென்றால், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து வந்த நம் கை எம்மாத்திரம்?

ஆகையால் தீப்புண் வார்டுக்குப் பத்துப் பேராகச் செல்லலாகாது. அனுமதித்த நேரத்தில், அனுமதித்த ஒருவர் மட்டும் செல்க. நுழையுமுன்னும் வெளிவந்த பின்னும் சோப்பினால் கைகழுவுக. படுக்கையின்மீது அமராதீர், கட்டைத் தொட்டுப் பாராதீர், அடுத்த படுக்கைக்காரரையும் அதே கையால் தொடாதீர். சளி, இருமல், சுரம் உள்ளவரும் சிறு குழந்தைகளும் போக வேண்டாம். பூமாலையும் கோயில் தீர்த்தமும் வாசலோடு நிற்கட்டும், தெய்வம் கோபிக்காது. டாக்டரிடமும் நர்ஸிடமும்கூட, "கை கழுவினீர்களா, அம்மா?" என்று பணிவாகக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பத்தியம் என்ற பெயரால் செய்யும் கொடுமையும் ஒன்றுண்டு. "புண்ணில் சீழ் வைக்கும்" என்று முட்டை, பால், பருப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி வெறுங் கஞ்சி ஊற்றுகின்றனர். எரிந்த உடல் புதுத் தசையும் தோலும் வளர்க்க, வழக்கத்தைவிட மிகுதியான சத்துணவு வேண்டும். டாக்டர் தடுத்தாலன்றி இவற்றை நிறுத்தலாகாது. முதல் நாளில் மட்டும், தாகம் என்று கேட்டாலும், நர்ஸைக் கேளாமல் தண்ணீரும் சோடாவும் வாயில் ஊற்ற வேண்டாம். நரம்பு வழியாக எவ்வளவு நீர் செல்ல வேண்டும் என்பதை அவர்கள் கணக்கிட்டுக் கொடுப்பர்.

உண்மையைச் சொல்லுங்கள்

தொழிற்சாலையில் வெடித்ததை வீட்டு அடுப்பு வெடித்ததாகச் சொல்லும்படி யாரேனும் காதில் ஓதினால் கேளாதீர். எந்த மருந்து வெடித்தது என்பது சிகிச்சைக்கே அவசியம். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதே பின்னர் நஷ்ட ஈட்டுக்கு ஆதாரம். தொழிலாளருக்குரிய நஷ்ட ஈட்டையோ இன்ஷியூரன்ஸ் உரிமையையோ கோரும்பொழுது, முதல் நாள் சொன்ன பொய் குறுக்கே வந்து நிற்கும். மாஜிஸ்டிரேட் வந்து நோயாளியிடம் வாக்குமூலம் பெறும்பொழுது, உறவினர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கலாகாது. நோயாளி பிழையாமற் போனால் அவ்வார்த்தையே கோர்ட்டில் பேசும்.

"போலீஸ் வந்த பிறகுதான் பார்ப்போம்" என்று எந்த ஆஸ்பத்திரியும், சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும், அபாய நிலையிலுள்ளவரைத் திருப்பியனுப்ப முடியாது. முதலில் உயிர், பிறகு சட்ட நடைமுறை என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது.

அடுத்த படுக்கைக்காரரின் நோயைக் கிராமத்துக்கு வந்து டமாரம் அடிப்பதும் தவறு. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையைக் காக்கவும், அவர்களுக்குச் சிகிச்சை மறுப்பதைத் தடுக்கவும் தனிச் சட்டமே 2018 செப்டம்பர் முதல் அமலிலிருக்கின்றது. ரத்தம் கொடுத்த அந்த இளைஞரை மாய்த்தது கிருமியன்று. உலகம் என்ன சொல்லுமோ என்ற அச்சமே மனிதரை அந்நிலைக்குத் தள்ளுகின்றது. நம் நாவும் அந்த உலகத்தைச் சேர்ந்ததே.

லஞ்சமும் கத்தியும்

தள்ளுவண்டி தள்ள ஒரு தொகை, பிறந்த குழந்தையைக் காட்ட ஒரு தொகை, ஆண் என்றால் கூடுதல் என்னும் இழிவழக்கத்தை அறியாதார் யார்? மகிழ்ச்சியாகக் கொடுத்தது என்பர். அடுத்து வரும் ஏழையிடம் அது கட்டணமாகிவிடுகின்றது. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவனும் குற்றவாளி. நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தால் தப்புவார். ஆகவே கொடாதீர்; கொடுக்க நேர்ந்தால் மறையாதீர்.

இதற்கு நேர் எதிரான குற்றமும் பெருகி வருகின்றது. 2024 நவம்பர் 13-ந் தேதி சென்னை கிண்டியிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில், புற்றுநோய் டாக்டர் ஒருவரை, நோயாளியொருவரின் மகன் கத்தியால் குத்தினார். தாய்க்குச் சரியான சிகிச்சை நடக்கவில்லை என்ற ஆத்திரம் என்றனர். எந்த ஆத்திரமும் இதற்கு நியாயமாகாது. டாக்டர்களையும் நர்ஸ்களையும் தாக்குவோருக்கு 2008-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மூன்று வருஷம் முதல் பத்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டம் இருக்கட்டும். தாக்கப்பட்ட டாக்டர் மறுநாள் வராவிடில் நஷ்டம் யாருக்கு? வரிசையில் நிற்கும் நூறு ஏழைகளுக்கு. வார்டில் ஓரிரு நர்ஸ்கள் எத்தனை படுக்கைகளைக் கவனிக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தவர் குரலை உயர்த்தமாட்டார்.

அடங்கிக் கிடப்பதும் அடித்து நொறுக்குவதும் ஒரே வியாதியின் இரு முகங்கள். முதல் நாளே பணிவாகவும் உறுதியாகவும் கேட்கத் தெரிந்தவன், கடைசி நாளில் கையை ஓங்குவதில்லை. குறையிருந்தால் நிலைய மருத்துவ அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். 104 என்ற எண்ணில் கூறலாம். பலனில்லையேல், திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் குறை கேட்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். சூலக்கரையாருக்கு அது கூப்பிடு தூரம்.

தொண்டர்களுக்கு ஒரு வேலை

நம் நேயர்களில் பலர் பொதுப்பணியில் ஈடுபட்டவர்கள். கொடியேற்றவும் கூட்டம் கூட்டவும் அறிந்தவர்கள். அவர்களுக்கு ஒரு வேலை சொல்கின்றோம். சூலக்கரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், எழுதப் படிக்கத் தெரிந்த இருவர், ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக, முன்வர வேண்டும். ஊரில் யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், ஜாதியும் கட்சியும் பாராமல், முதல் நாளிலும் வீடு திரும்பும் நாளிலும் அவர்களுடன் செல்ல வேண்டும். டாக்டருடன் வாதாடுவதற்கன்று, நோயாளியின் வாயாக இருப்பதற்கு. என்ன வியாதி? என்ன சிகிச்சை, எதற்காக? அதனால் வரும் ஆபத்தும் வேறு வழியும் யாவை? பரிசோதனை முடிவு என்ன? வீட்டில் செய்ய வேண்டுவது யாது? இவ்வைந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், விடைகளையும் அதிலேயே எழுதி, நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு வரட்டும். பார்க்க வரும் கூட்டத்தை ஊரிலேயே நிறுத்தி, ஒருவரை மட்டும் அனுப்புவதும் அவர்கள் வேலையாகட்டும்.

இதற்கு நிதி வேண்டாம். சர்க்கார் உத்தரவு வேண்டாம். தலைவர்களின் வருகையும் வேண்டாம். பஸ் சத்தமும், ஒரு பேனாவும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். அடுத்த முறை பெருவழியில் ஆம்புலன்ஸின் ஓலம் கேட்கும்பொழுது, "ஐயோ, யாரோ!" என்று சொல்லி நிற்காமல், "நம்மவர் நம் ஆஸ்பத்திரிக்குப் போகின்றார்; கூடப் போவது யார்?" என்று கேட்கும் ஊர் எதுவோ, அந்த ஊரே ஆஸ்பத்திரியின் உடைமைக்காரன் என்று சொல்லிக்கொள்ளத் தக்கது. அவ்வூர் சூலக்கரையாக இருக்கட்டும் என்பது நம் விருப்பம்.